முப்பதுக்கு இரண்டு

மன்னார்ப் பக்கத்துக் கீரி என்ற ஊரிலிருந்து வெளிநாடு போன பெட்டிகளில் எடித்தின் கை படாமல் போனவை மூன்றோ நான்கோதான். அவை கட்டுநாயக்க எயார்போட்டில் வாய் பிளந்து கிடக்க, உடையவர்கள் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் உள்ளுடுப்பு வேறு கருவாடு வேறாகப் பிரித்துத் தவித்த கதையை ஊர் இன்னும் மறக்கவில்லை. மறக்க எடித் விட்டால்தானே. பூசை முடிந்து வருகிறவர்களை வழிமறித்து, என்னிடம் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே என்று அவள் அனுதாபப்படும் அழகே தனி.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. புருசன் டொமினிக் முப்பது வருடம் கடலுக்குப் போய் உயிரோடு திரும்பி வந்து, கடைசியில் சீனி வருத்தத்தில் கட்டிலில் செத்தான். அதுவும் ஆறு வருடமாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. ஆக, கட்டாருக்கு அனுப்ப மகனும் கனடாவுக்குக் கட்டிக்கொடுக்க மகளும் இல்லாத ஒருத்திதான் ஊரிலுள்ள பயணக்காரர் எல்லோருக்கும் பதினான்கு வருடமாகப் பெட்டி அடுக்கினாள். அதற்கு அவள் எதுவும் வாங்குவதில்லை. எடித்தக்கா அடுக்கினால் ஒரு கிராம் பிசகாது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அதை வைத்துக்கொண்டே ஒரு கிழமை சோறு தின்பாள்.

பிசகினதும் இல்லைத்தான். வாங்கி வந்த சாமான்களை முதலில் அவற்றின் மட்டைப் பெட்டிகளிலிருந்து கழற்றி எறிவாள். மட்டைக்கு ஏன் பிளேன் ரிக்கற் என்பது அவளுடைய கேள்வி. பாரமானதெல்லாம் சில்லு உருளும் அடிப்பக்கம். பெட்டியை நிமிர்த்தினால் அது எப்படியும் அங்கேதான் போய் விழப்போகிறது. சேலையை மடிக்கமாட்டாள், சுருட்டுவாள். சப்பாத்துக்குள் காலுறை, காலுறைக்குள் மிளகு. கருவாட்டுக்கு முதலில் பேப்பர், பிறகு இரண்டு பொலித்தீன், அதற்கு மேல் கோப்பித்தூள் தூவிய பழைய துவாய். மூடியபின் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே ஏதாவது அசைந்தால் திரும்பவும் திறந்து முதலிலிருந்து. டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பதில்கூட அவ்வளவு பயபக்தி இராது.

கடைசி வேலை நிறுப்பது; பிளேனில் விடுவது முப்பது கிலோதான். அதற்குப் பஸ்ரியனுடைய தராசு வரவேண்டும். பஸ்ரியன் கரையில் மீன் வாங்கும் முதலாளி. வட்ட முகமும் கீழே ஒரு கொளுக்கியுமுள்ள அவனுடைய தூக்குத் தராசுக்கு ஒரு குணம் இருந்தது. முப்பது கிலோ மீனைத் தூக்கினால் முள் இருபத்தெட்டில் வந்து நிற்கும். கீரியில் இது தெரியாதவை ஞானஸ்நானம் பெறாத குழந்தைகள் மட்டுமே. ஆனாலும் ஒருவரும் வாய் திறந்ததில்லை. வேறு யார் வந்து மீனை வாங்கப் போகிறார்கள்? டொமினிக்தான் ஒருநாள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து மனைவிக்குச் சொன்னான், "அவன்ர தராசு முப்பதுக்கு ரெண்டு தின்னும்."

அந்த வசனத்தை எடித் ஒரு செபம் போல மனதில் வைத்துக்கொண்டாள். பெட்டியைக் கொளுக்கியில் மாட்டி முள் இருபத்தெட்டுக்கு வந்ததும், போதும், முப்பது என்பாள். பக்கத்தில் பஸ்ரியன் நின்றாலும் சொல்வாள். அவன் கடலைப் பார்ப்பான். கூட்டிய இரண்டைப் பற்றி அவள் விளக்கம் சொன்னதுமில்லை, அவன் கேட்டதுமில்லை. அவன் பொய்யை அவளும் அவள் கூட்டலை அவனும் இப்படி மரியாதையாக நடத்தினதில், பதினான்கு வருடமும் எயார்போட்டில் முப்பது என்றால் முப்பதாகவே இருந்தது.

இந்தமுறை பயணம் அவளுடையது. பாரிசில் இருக்கும் தங்கை றொசானாவின் மகள் ஷெறினுக்குக் கல்யாணம். கேள்விப்பட்டதும் ஊரில் பாதிப்பேர் மூக்கில் விரலை வைத்தார்கள். அக்காவும் தங்கையும் முகம் கொடுத்துக் கதைத்து இருபது வருடமாகிறது.

விசயம் ஒரு வசனத்தில் தொடங்கியது. தாய் சாகக் கிடந்தபோது இரண்டு மகள்மாரும் கட்டிலடியில் நின்றார்கள். அந்த வீட்டில் வேப்பமரத்தில் செதுக்கிய மாதா சுரூபம் ஒன்று இருந்தது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம், இடக் கையில் ஒரு விரல் இல்லை. தாய் கண்ணை மூடுமுன் கடைசியாகச் சொன்னது இதுதான்: "மாதா சின்னவளோட இருக்கட்டும்."

சின்னவள் றொசானா அதை மரணசாசனமாக எடுத்தாள். பெரியவள் எடித் அதை ஆசீர்வாதமாக எடுத்தாள். மாதா சின்னவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதானே அம்மா சொன்னா, சுரூபத்தைக் காவிக்கொண்டு போகச் சொல்லவில்லையே என்பது அவளுடைய வியாக்கியானம். விசயம் சுவாமியார் வரைக்கும் போனது. சுவாமியார் கெட்டிக்காரர். இரண்டு பொருளும் உண்டு என்று சொல்லிவிட்டு வேறு பங்குக் கோயிலுக்கு மாறிப் போய்விட்டார். அடுத்த வருடம் றொசானா புருசனோடும் ஐந்து வயதுப் பிள்ளையோடும் பிரான்சுக்குப் போனாள், வெறுங்கையோடு. மாதா எடித்தின் அலுமாரிக்கு மேலேயே நின்றா.

கல்யாணச் செய்தியைச் சொல்லவும் றொசானா கதைக்கவில்லை. ஷெறின்தான் போன் எடுத்தாள். எல்லாம் சொல்லி முடித்து, கொஞ்சம் இழுத்து, "பெரியம்மா, அம்மா ஒண்டு சொல்லச் சொன்னவ. வாறதெண்டால் மாதாவோட வரட்டாம்" என்றாள்.

அந்தக் குடும்பத்துக்கே மாதாவை நேராகக் கேட்க வராது. எடித்துக்கு முதலில் சுள்ளென்றது. பிறகு, டொமினிக் போனபின் தனக்குச் சமைத்துத் தானே தின்கிற வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். இரத்தம் என்று சொல்ல இந்த உலகத்தில் மிச்சம் இருந்தவள் றொசானா ஒருத்திதான். "எடித் வெறுங்கையோட வாற ஆளில்லை எண்டு அம்மாட்டைச் சொல்லு" என்றாள்.

கொண்டு வருகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லக் கௌரவம் விடவில்லை. ஆனால் மனதில் எல்லாம் அடுக்கி முடித்துவிட்டாள். தங்கை வீட்டு மேசையில் மாதாவை நிமிர்த்தி வைக்கவேண்டும். ஒரு வார்த்தை பேசக்கூடாது. றொசானா அழவேண்டும், அதன்பிறகு தான் அழவேண்டும். இந்த ஒழுங்கு முக்கியம்.

பயணத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை காலை, வெறும் பெட்டியின் நடுவில் முதல் சாமானாகப் படுத்தது மாதாதான். நல்ல பூத்துவாயில் சுற்றி, தலைக்கும் காலுக்கும் சுருட்டிய சேலை வைத்து, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோலக் கிடத்தினாள். கையால் தூக்கிப் பார்த்தே பாரம் சொல்லிவிடுவாள் அவள். இரண்டு கிலோ.

அதன்பிறகு ஊர் வந்தது.

வெளிநாடு போகிறவர் வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. அந்தக் கையில் இருப்பது போகிறவருக்கும் இல்லை. பக்கத்து வீட்டுக் கிறேஸ் தம்பிக்குப் பனங்கிழங்கு இடித்த ஒடியல் மா கொண்டுவந்தாள், அரைக்கிலோ என்றாள். எடித் கையில் வாங்கிப் பார்த்தாள், முக்கால். கீரியில் எல்லோருடைய அரைக்கிலோவும் முக்கால் கிலோதான். வறுத்து இடித்த மிளகாய்த்தூள் வந்தது. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குத்தூள் வந்தது. ஒரு மனுசி மகனுக்கு ரீசேட் ஒன்று கொண்டுவந்தாள், பாரிசில் ரீசேட் விற்பதில்லையோ என்று கேட்க வாய் உன்னியும் எடித் கேட்கவில்லை. பதினான்கு வருடத்தில் அவள் ஒரு பார்சலைத் திருப்பி அனுப்பினது கிடையாது. ஊர் அவளைப் புகழ்வதற்கு வைத்திருந்த இரண்டாவது வசனம் அது. இடம் காணாமல் போக, தன்னுடைய ஸ்வெற்றரை எடுத்து வெளியே வைத்தாள். பிறகு இரவு உடுப்பு இரண்டையும் வைத்தாள். குளிர் அங்கே போய்ப் படலாம், ஊரின் பேச்சை இங்கே இருந்து படவேண்டும்.

கைப்பையில் கல்யாணச் சேலையும் மருந்தும் பலகாரமும் ஏற்கனவே நிரம்பியிருந்தன.

பதினொரு மணிபோலப் பஸ்ரியன் தராசோடு வந்தான். இந்த இடத்தில், எடித்துக்குத் தெரியாத ஒரு விசயத்தைச் சொல்லியாகவேண்டும். தவக்காலத்தில் மன்னாரிலிருந்து நிறுவை பார்க்கும் உத்தியோகத்தர்கள் படிக்கற்களோடு கரைக்கு வந்திருந்தார்கள். பஸ்ரியனுடைய தராசைத் திறந்து முள்ளை நேராக்கி முத்திரை குத்திவிட்டுப் போனார்கள். அன்றுமுதல் தராசு முப்பதை முப்பது என்றே காட்டியது. பஸ்ரியன் மனம் தளரவில்லை. மீனில் தண்ணி நிற்கிறது என்று சொல்லி முப்பதுக்கு இரண்டு தண்ணிக் கழிவு பிடிக்கத் தொடங்கினான். கடற்காரர் கைக்கு வந்தது முன்பு வந்த அதே அளவு என்றபடியால் கரையில் அலை எழும்பவில்லை. டொமினிக் இல்லாத வீட்டுக்கு மீன் கதை வருவதும் நின்றுபோயிருந்தது; அதன்பிறகு நிறுக்க வேறு பெட்டியும் வரவில்லை.

முற்றத்துப் பூவரசில் தராசைக் கட்டினார்கள். எடித்தும் கிறேசுமாகப் பெட்டியைத் தூக்கிக் கொளுக்கியில் மாட்டினார்கள். முப்பது கிலோ என்றால் எடித்துக்கு இடுப்பு நாரி ஒருமுறை பிடித்து விடவேண்டும். இன்றைக்குப் பிடிக்கவில்லை. மாதா கூட வாறா, அதுதான் பாரம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். முள் ஆடி, இருபத்தெட்டில் நின்றது.

"போதும். முப்பது."

பஸ்ரியன் கடலைப் பார்க்கவில்லை. அவன் கையில் ஒரு பொதி இருந்தது. பாரிசில் இருக்கும் அவனுடைய தம்பிக்குச் சீலாக் கருவாடு. "சின்னப் பார்சல் எடித்தக்கா. ரெண்டு கிலோதான்" என்றான். அவன் சொன்ன நிறைகளில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

எடித் முள்ளைப் பார்த்தாள். பொதியைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லலாம். சொன்னால், தராசு தந்தவனின் பார்சலுக்கு இடமில்லையாம் என்று கிறேஸ் பொழுதுபடுமுன் கடைசி வீடு வரைக்கும் காவிப் போவாள். அடுத்த பெட்டிக்குத் தராசு வராது. அடுத்த பெட்டி வராவிட்டால் எடித் யார்? மற்றப் பக்கத்தில் மாதா. மாதா ஓடிவிடப் போவதில்லை. அடுத்த மாதம் யாராவது போகும்போது கொடுத்துவிடலாம். இருபது வருடம் பொறுத்த றொசானாவுக்கு ஒரு மாதம் பெரிசோ. தங்கைதானே, விளங்கிக்கொள்வாள். இரத்த உறவு என்றால் பின்னுக்குத் தள்ளலாம், அயலட்டையை அப்படித் தள்ள முடியாது என்பதுதான் அந்த ஊரில் எல்லோரும் செய்கிற பிழை. எடித் அதை மற்றவர்களை விடத் திறமாகச் செய்தாள்.

பெட்டியை இறக்கித் திறந்து, நடுவில் கிடந்த துவாய்ப் பொதியை இழுத்தெடுத்தாள். இழுத்த இழுவையில் துவாய் நழுவி மாதாவின் முகம் தெரிந்தது. பஸ்ரியனுக்கும் தெரிந்தது. அந்தச் சுரூபத்தின் சண்டை தெரியாத ஆள் ஊரில் இல்லை.

"மாதாவைக் கொண்டுபோகேல்லையோ?" என்று கேட்டான்.

"பிறகு ஆரும் போகேக்க குடுத்துவிடலாம். இண்டைக்குப் பாரம் சரி."

பஸ்ரியன் வாயைத் திறந்தான். "எடித்தக்கா…"

"என்ன?"

அவன் முள்ளைப் பார்த்தான். பிறகு கிறேசைப் பார்த்தான். கிறேசின் புருசன் நாள் தவறாமல் அவனுக்கு மீன் போடுகிறவன். இன்னும் இரண்டு கிலோ போடலாம் அக்கா என்று சொன்னால், எப்போதிருந்து என்ற கேள்வி வரும். எப்போதிருந்து என்று சொன்னால், அதற்கு முன்னர் எப்படி என்று வரும். பதினான்கு வருடம் இரண்டு பேர் மூடி வைத்திருந்த சட்டியை ஒரு மரச்சுரூபத்துக்காகத் திறப்பதோ?

"கருவாட்டைச் சில்லுப் பக்கம் வையுங்கோ. பாரம்" என்றான்.

"எனக்குப் பெட்டி அடுக்கப் பழக்காதை" என்றாள் எடித்.

கருவாடு மாதாவின் இடத்தில் போய்ப் படுத்தது. முள் திரும்பவும் இருபத்தெட்டுக்கு வந்து நின்றது. பெட்டியை ஆட்டினாள், சத்தமில்லை. அப்பழுக்கில்லாத அடுக்கு.

மறுநாள் எருக்கலம்பிட்டிப் பைறூசின் வாடகை வான் வண்டியில் கட்டுநாயக்க போய்ச் சேர்ந்தாள். கவுண்டரில் பெட்டியை வைத்ததும் எதிரே சிவப்பு எழுத்தில் இருபத்தெட்டு என்று விழுந்தது. எடித்துக்குச் சிரிப்பு வந்தது. இங்கேயும் ஒரு பஸ்ரியன் இருக்கிறான் என்று நினைத்தாள். உங்களுடைய தராசு இரண்டு குறைத்துக் காட்டுகிறது என்று கவுண்டரில் நின்ற பெடியனுக்குப் பரிவோடு எடுத்துச் சொன்னாள். பெடியன் சிங்களம் கலந்த தமிழில், இல்லை அன்ரி, இது சரி, இன்னும் இரண்டு கிலோ போடலாம், கையில் ஏதும் இருந்தால் தாருங்கள் என்றான்.

கையில் எதுவும் இல்லை. அவள் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொளுக்கியில் மாட்டும்போது பிடிக்காத நாரி ஞாபகம் வந்தது. பஸ்ரியன் திறந்து மூடின வாய் ஞாபகம் வந்தது. முள்ளு நேராயிருந்திருக்கிறது. மாதாவுக்கு இடம் இருந்திருக்கிறது. பின்னால் நின்றவர் பெட்டியால் அவள் குதிக்காலில் இடித்தார். பெடியன் கைபிடியில் நீள வெள்ளை லேபலைச் சுற்றி ஒட்டினான். பெட்டி உருண்டு உள்ளே போய்விட்டது.

பாரிசில் றொசானா விமான நிலையத்துக்கே வந்திருந்தாள். இருபது வருடத்தில் தலை நரைத்து, அம்மாவின் முகவெட்டு அப்படியே வந்திருந்தது. கட்டிப்பிடித்தாள். பிறகு புருசனிடம், பெட்டியை மெதுவாத் தூக்குங்கோ, அடிபடாமல் வையுங்கோ என்று இரண்டுதரம் சொன்னாள்.

வீட்டுக்குள் போனதும் எடித்தின் கண் நேராக ஒரு மூலைக்குப் போனது. சுவரில் புதிதாக ஒரு தட்டு அடித்திருந்தது. அதில் சரிகை விரிப்பு, பக்கத்தில் மின்சார மெழுகுதிரி இரண்டு. நடுவில் ஒன்றுமில்லை. தட்டுக்கும் அதற்கு மேலே அடித்த கூரைப் பலகைக்கும் இடையில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம் விட்டிருந்தது. அளந்து அடித்த இடைவெளி என்று எடித்தின் கண்ணுக்கு உடனே தெரிந்தது. அளவுகள் அவளுக்குத் தப்பாது.

றொசானா நிலத்தில் இருந்து பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, பேர் வாசித்து, ஒரு பக்கமாக வைத்தாள். மிளகாய்த்தூள், ஒடியல் மா, சரக்குத்தூள், ரீசேட். துவாயில் சுற்றிய பொதி வந்தபோது கை நின்றது. மடியில் வைத்து மெல்லப் பிரித்தாள். கோப்பித்தூள் வாசமும் அதற்கடியில் சீலாக் கருவாட்டு வாசமும் எழும்பின. பிறகு சுருட்டிய சேலைகள். பிறகு பெட்டியின் அடித்துணி.

"அவ்வளவுதானோ அக்கா?"

"இடம் காணேல்லை றோசா. முப்பது கிலோதானே விட்டவங்கள். ஊராற்ற பார்சலும்…"

றொசானா மூடியைச் சாத்தி, கைபிடியில் சுற்றியிருந்த வெள்ளை லேபலைத் திருப்பினாள். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"இருபத்தெட்டு எண்டு கிடக்கு."

எடித் சொன்னாள். பஸ்ரியனின் தராசு முப்பதுக்கு இரண்டு தின்னும் என்றாள், இப்போது தின்னவில்லை என்றாள், யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்றாள், அவன் தெரிந்துகொண்டே சொல்லவில்லை என்றாள். சொல்லச் சொல்ல அது அவளுடைய காதுக்கே பொய்யாகக் கேட்டது. உண்மையைச் சொல்லி இவ்வளவு வெட்கப்பட்டது அவள் வாழ்க்கையில் முதல்முறை.

றொசானா கடைசிவரை கேட்டாள். "அக்கா" என்றாள், சத்தம் உயராமல். "எடித் அடுக்கினால் ஒரு கிராம் பிசகாது எண்டு இங்க இருக்கிற கீரிச் சனம் முழுக்கச் சொல்லும். எனக்கு இருபது வருசமாச் சொல்லுதுகள். நீங்கள் ரெண்டு கிலோ பிசகினியள் எண்டு நான் ஆரிட்டைப் போய்ச் சொல்ல?"

"போன உடன பார்சலில போட்டுவிடுறன் பிள்ளை. ஆணையா."

"வேண்டாம்." கருவாட்டை அதே துவாயில் திரும்பச் சுற்றினாள், அம்மா சுற்றுவதுபோல மூலையை உள்ளே மடித்து. "மாதா உங்களோடயே இருக்கட்டும்."

தாய் சொன்ன வசனத்துக்கு இரண்டு பொருள் இருந்தது. இதற்கு இருந்தது ஒன்றுதான்.

கல்யாணம் வடிவாக நடந்தது. எடித்தைக் கோயிலில் மூன்றாவது வரிசையில் இருத்தினார்கள், படத்துக்குக் கூப்பிட்டார்கள், சாப்பாட்டில் ஒரு குறை வைக்கவில்லை. விருந்தாளிக்குச் செய்யவேண்டிய அத்தனையும் றொசானா செய்தாள். பஸ்ரியனின் தம்பி வந்து கருவாட்டை வாங்கிக்கொண்டு, அண்ணன் மறக்கவில்லை என்று கண் கலங்கினான். அந்தப் பயணத்தில் எடித் கொண்டுபோன சாமானுக்காக அழுத ஒரே ஆள் அவன்தான். தட்டின் நடுவில் ஷெறினின் கல்யாணப் படம் ஏறியது.

மூன்று கிழமையில் எடித் திரும்பி வந்தாள். வந்த அன்று பின்னேரமே கிறேஸ் பாரிஸ் கதை கேட்க வந்துவிட்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் கதை வரவில்லை என்றதும் தன் பக்கத்துக் கதையைத் தொடங்கினாள். தவக்காலத்திலிருந்து பஸ்ரியன் தண்ணிக் கழிவு பிடிக்கிறானாம், முத்திரை குத்தின நாளிலிருந்து இதே கூத்துத்தானாம். எடித் கேட்டுக்கொண்டிருந்தாள். நாள் கணக்குப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். பஸ்ரியன் வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடிக்கவில்லை. பொய்த் தராசு நேரானதற்கு யாரிடம் போய் முறையிடுவது?

மாதம் ஒன்று போக, பஸ்ரியனின் மகன் டிலோஜனுக்குக் கட்டாரில் வேலை சரிவந்தது. பஸ்ரியன் வரவில்லை. அவனுடைய மனைவி மெற்றில்டா வந்து, பெட்டி அடுக்கித் தாங்கோ என்று கேட்டாள். எடித் உடனே ஒப்புக்கொண்டாள். நிறுப்பதைக் கரையிலேயே வைத்துக்கொள்வோம் என்றும் சொன்னாள்.

காலை பத்து மணி. வள்ளங்கள் வந்து, மீன் கூடைகளோடு ஏழெட்டுக் கடற்காரர் பஸ்ரியனின் மீன் வாடிக்கு முன்னால் நின்றார்கள். கிறேசின் புருசனும் நின்றான். எடித் பெட்டியைக் கொளுக்கியில் மாட்டினாள். மெற்றில்டாவின் கையில் ஒரு பையில் கடைசிச் சாமானாக, அவள் மூன்று நாளாக வறுத்து இடித்துப் பிடித்த பயத்தம் உருண்டை இருந்தது. முள் ஆடி, இருபத்தெட்டில் நின்றது.

"போதும். முப்பது" என்றாள் எடித்.

மெற்றில்டா எட்டிப் பார்த்தாள். வாசிக்கத் தெரிந்த மனுசி. "அக்கா, இருபத்தெட்டு எண்டெல்லே காட்டுது. உருண்டையையும் வைக்கலாம்."

"வைக்கலாமோ?" எடித் அவளைப் பார்க்கவில்லை. "தராசுக்காரன் நிக்கிறார், கேப்பம். என்ன பஸ்ரியன், ரெண்டு கிலோ வைக்கலாமோ? நீ சொல்லு, வைக்கிறன்."

கூடைகளோடு நின்றவர்கள் கதையை நிறுத்தினார்கள். யாரோ பீடியைக் காலில் நசுக்கும் சத்தம் கேட்டது. பஸ்ரியன் முள்ளைப் பார்த்தான். மனைவியின் கையிலிருந்த பையைப் பார்த்தான். எடித்தின் முகத்தைப் பார்த்தபோது அதில் கோபம் இல்லாததைக் கண்டு மெய்யாகவே பயந்தான். தண்ணிக் கழிவு வெட்டுவதற்காகக் காத்திருந்த ஏழெட்டு முகங்களும் அவனுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றான். கடலைப் பார்த்தான்.

மெற்றில்டாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகனுக்கு ஆசையாகச் செய்தது என்று முணுமுணுத்தாள். எடித் பெட்டியை இறக்கி, பூட்டி, ஆட்டிப் பார்த்தாள். சத்தமில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது மனம் ஆறியிருக்கும் என்று எதிர்பார்த்தாள். ஆறவில்லை. றொசானாவின் வீட்டுத் தட்டில் ஷெறினின் படந்தான் இருந்தது.

மூன்றாம் நாள், டிலோஜன் போனபின், மெற்றில்டா அந்தப் பையோடு எடித்தின் வாசலில் வந்து நின்றாள். கட்டுநாயக்கவில் தராசு இருபத்தெட்டுத்தான் காட்டினதாம், அங்கேயும் பொய்த் தராசு போல என்று சொல்லிப் பெருமூச்சு விட்டாள். "பிள்ளைக்குப் போகாத சாமான். வீட்டில வைச்சுப் பாக்க மனமில்லை. நீங்களாவது தின்னுங்கோ எடித்தக்கா. உங்களை விட்டால் எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

எடித் பையைக் கையில் வாங்கினாள். இரண்டு கிலோ. தராசு தேவைப்படவில்லை. அலுமாரிக்கு மேலே, மாதாவின் காலடியில் கொண்டுபோய் வைத்தாள். எறும்பு வரும்வரைக்கும் அது அங்கேயே இருந்தது.